கிராஞ்சி முதல் லிம் சூ காங் வரை: காரில் போய்ப் பறவை பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கிராஞ்சி அணைக்கட்டில் தொடங்கி, சுங்கை பூலோ, கிராஞ்சி சதுப்புநிலம் வழியாக லிம் சூ காங் சாலை கடலில் முடியும் இடம் வரை, சிங்கப்பூரின் வடமேற்குக் கரையை ஒட்டி ஓடும் பாதை சின்னதுதான். எங்கும் நிற்காமல் ஓட்டினால் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். இவ்வளவு சின்னப் பாதையிலும் புதிதாக வருகிறவர்கள் பலர் வெறும் தண்ணீரையோ வெறும் சேற்றையோ பார்த்துவிட்டுத் திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டிலிருந்து எது முதலில் வருகிறதோ அங்கே முதலில் இறங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இந்தப் பாதையில் எந்த இடம் முதலில், எது கடைசியில் என்பதை முடிவு செய்வது கடல்தான். கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் பார்த்து வரிசையை மாற்றிக்கொண்டால், அதே நான்கு இடங்களில் பல மடங்கு பறவைகளைப் பார்க்கலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் மாதம்

வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்க செப்டம்பர் முதல் மார்ச் வரை போகலாம். சைபீரியா, மங்கோலியா, சீனா பக்கமிருந்து தெற்கே இறங்கும் பறவைகள் இங்கே தங்கி இரை தேடுகிற காலம் இது. சில பறவைகள் இங்கேயே இருந்துவிடும். சில இளைப்பாறி உடம்பைத் தேற்றிக்கொண்டு இன்னும் தெற்கே போகும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் அல்லது பிப்ரவரி. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும், திட்டம் கெட்டுப்போகும். மார்ச் கடைசியில் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் வேறொரு லாபம் உண்டு. திரும்பிப் போகும் முன் பல பறவைகள் சாம்பல் நிறத்தை விட்டு இனப்பெருக்கக் கால வண்ணத்துக்கு மாறியிருக்கும்.

மே முதல் ஜூலை வரை போனால் கரைப்பறவைகள் அனேகமாக இருக்காது. நாரை, கொக்கு, மீன்கொத்தி, கடற்கழுகு இருக்கும். அதற்காகப் போவதென்றால் தாராளமாகப் போகலாம்.

2. அப்புறம் கடலின் நேரம்

இங்கே ஒரு நாளில் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். அடுத்த நாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். அதனால் போன சனிக்கிழமை நண்பர் போய் வந்த நேரத்தில் இந்தச் சனிக்கிழமை நீங்கள் போனால் அதே காட்சி கிடைக்காது.

ஏற்றம் ஏன் முக்கியம்? கடல் வற்றியிருக்கும்போது கிராஞ்சிக்குக் கிழக்கே உள்ள மண்டாய் சேற்றுப் பரப்பும் கரையோரச் சேறும் திறந்து கிடக்கும். பறவைகள் அங்கே பரந்து நின்று புழு, நண்டு தேடும். தூரத்தில் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். கடல் ஏற ஏறச் சேறு மூழ்கும், நிற்க இடமில்லாமல் அவை சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து இறங்கும். அந்தக் குளங்களின் நீர்மட்டம் மதகு வைத்துக் கட்டுப்படுத்தப்படுகிறது. வெளியே கடல் நிறைந்திருக்கும்போதும் உள்ளே ஆழமில்லாத தண்ணீர் இருக்கும். நூற்றுக்கணக்கில் பறவைகள் ஒரே இடத்தில், உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்பது அப்போதுதான்.

ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்தில் எளிதாகப் பார்க்கலாம். கடல்துறை, துறைமுக ஆணையமும் தேசியச் சுற்றுப்புற வாரியமும் வெளியிடுகின்றன. அதில் இரண்டைப் பாருங்கள்: ஏற்றத்தின் நேரம், ஏற்றத்தின் உயரம். உயரம் 2.5 மீட்டருக்குக் குறையாத நாளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதற்குக் கீழே என்றால் வெளிச்சேறு முழுதாக மூழ்காது, பறவைகளும் உள்ளே வரவேண்டிய கட்டாயம் இருக்காது.

அட்டவணை கையில் இல்லாவிட்டால் வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் பெரிது. அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றம் சின்னது. விடுமுறை நாளை முடிவு செய்ய இந்த ஒரு கணக்கே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பொதுவாகக் கிடைக்கும் அட்டவணை தென்கரைத் துறைமுகப் பகுதிக்கானது. ஜோகூர் நீரிணையின் உள்ளே நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அட்டவணையில் உள்ள நிமிடத்தை நம்பிக் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

3. வரிசையை முடிவு செய்தல்

இப்போது அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஏற்றம் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் என்றால்: விடிந்ததும் கிராஞ்சி அணைக்கட்டு, ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகச் சுங்கை பூலோ, அங்கேயே கடல் திரும்பும்வரை இருந்துவிட்டுக் கிராஞ்சி சதுப்புநிலம், கடைசியில் லிம் சூ காங். முதல்முறை போகிறவர்கள் இப்படிப்பட்ட நாளையே தேடிப் பிடியுங்கள். வெயில் ஏறுவதற்குள் முக்கியமானதைப் பார்த்துவிடலாம்.

காலையில் வற்றம், ஏற்றம் பிற்பகல் 3 மணியிலிருந்து 5 மணிக்குள் என்றால்: காலை 7 மணிக்குக் கிராஞ்சி சதுப்புநிலம், பிறகு லிம் சூ காங், மதியம் வீட்டுக்கோ உட்லண்ட்ஸ் பக்கமோ போய்ச் சாப்பாடும் ஓய்வும், பிற்பகல் 1 மணிக்கு மேல் அணைக்கட்டு, அங்கிருந்து சுங்கை பூலோ. சதுப்புநிலப் பறவைகளுக்குக் கடலின் ஏற்ற வற்றம் பொருட்டில்லை, அவற்றுக்குக் காலைக் குளிர்ச்சிதான் முக்கியம். அதனால்தான் அதைக் காலைக்குத் தள்ளுகிறோம்.

ஏற்றம் நண்பகலில் விழுந்தால்? முதல் வரிசையையே வைத்துக்கொண்டு சதுப்புநிலத்தை மட்டும் முதலில் கொண்டுவாருங்கள். லிம் சூ காங்கை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. நான்கு இடத்தையும் தொட்டே தீர வேண்டும் என்ற அவசரம்தான் பல பேருடைய காலைப்பொழுதை வீணாக்குகிறது.

4. கையில் என்ன வேண்டும்

இருநோக்கி கட்டாயம். 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 16 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும், பறக்கிற பறவையைப் பிடிக்கவே முடியாது. குளத்தின் மறுகரையில் நிற்கும் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளைப் பார்க்க, முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி யாரிடமாவது இருந்தால் நல்லது. முதல்நாளே வாங்க வேண்டாம். பறவை மிரளாமல் உள்ளே இருந்து பார்க்கத் துளை வைத்துக் கட்டிய மறைவிடத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பார்வை பார்க்கக் கொடுப்பார்கள்.

தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, சிறிய குடை. சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். புளிச்சோறு, இட்லி எதுவானாலும் மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் நீள்வால் குரங்குகள் பறித்துவிடும். குரங்குக்கோ பறவைக்கோ எதையும் போடவே கூடாது. வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம், முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கைப்பேசியில் வெளிநாட்டுத் தரவு வசதியை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். நீரிணைக்கு அப்பால் ஜோகூர் தெரிகிற தூரம்தான். கைப்பேசி தானாக மலேசிய வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும், கட்டணம் ஏறும். வரைபடத்தையும் பறவைச் செயலியின் படத்தொகுப்பையும் முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை மறைவிடத்துக்குள்ளும் துளை வழியே தெரியும்.

5. கிராஞ்சி அணைக்கட்டு

புக்கிட் தீமா விரைவுச்சாலையிலிருந்து கிராஞ்சி பக்கம் இறங்கி கிராஞ்சி வேயைப் பிடியுங்கள். அந்தச் சாலையே அணைக்கட்டின் மேல் ஓடுகிறது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் ஜோகூர் நீரிணை. காரை நீர்த்தேக்கப் பூங்காவின் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். அணையின் மேல் சாலையோரமாக நிறுத்திப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. லாரிகள் வேகமாக வரும் குறுகலான சாலை அது.

கடல் பக்கம் பார்த்தால் வடக்கே பார்க்கிறீர்கள். வலசைக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவைமேல் விழும். நிறம் நன்றாகத் தெரியும். தொடக்கநிலையினர் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை.

கடல் முழுதாக வற்றிய நேரத்தைவிட, ஏறத் தொடங்கிய பிறகு பாருங்கள். தண்ணீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சாம்பல் நாரையும் பெரிய கொக்கும் சின்னக் கொக்கும் ஓரத்தில் நிற்கும். மேலே செம்பருந்து வட்டமிடும். வெண்வயிற்றுக் கடற்கழுகு கண்ணில் பட்டால் அதன் ஆப்பு வடிவ வாலைக் கவனித்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இங்கே அரை மணி நேரம் போதும். கரையில் பறவை குறைந்து, கூட்டம் கூட்டமாக மேற்குப் பக்கம் பறக்கத் தொடங்கினால் அவை குளங்களுக்குப் போகின்றன. நீங்களும் கிளம்புங்கள்.

6. சுங்கை பூலோ: நாளின் மையம்

சரியான வாசல்

சுங்கை பூலோவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கிராஞ்சி வேயில் உள்ள வருகையாளர் நிலையம், இன்னொன்று நியோ தியூ கிரசென்டில் உள்ள ஈரநில நிலையம். பெயரை மட்டும் தட்டினால் கைப்பேசி எந்த வாசலுக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போகும். கரைப்பறவை பார்க்க வந்தவர் நியோ தியூ கிரசென்ட் வாசலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து பெரிய பாலமும் பறவை மறைவிடமும் பக்கம். கிராஞ்சி வே வாசலில் இறங்கினால் 1.3 கிலோமீட்டர் கடலோரப் பாதையைக் கடக்க வேண்டும். பாதை அழகானதுதான், ஆனால் ஏற்றம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. வார இறுதியில் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பும். கழிவறை வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு எல்லா இடத்திலும் வசதி இருக்காது.

பாலத்தில்

பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள். உப்புநீர் முதலை இங்கே உண்மையாகவே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் நீந்தும் பெரிய உடும்பைப் பார்த்து முதலை என்று கத்துவார்கள். உடும்பு தலையைத் தூக்கி, உடம்பை வளைத்து வளைத்து நீந்தும். முதலை பெரும்பாலும் அசையாமல் மிதக்கும், மூக்கும் கண்ணும் முதுகு மேடுகளும்தான் தெரியும். பாதையை விட்டு நீரோரம் இறங்காதீர்கள். பாதையிலேயே முதலை கிடந்தால் அமைதியாகப் பின்வாங்கி, அறிவிப்புப் பலகையில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.

மறைவிடத்தில்

ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் இறங்கும்போது நீங்கள் ஏற்கெனவே அசையாமல் உள்ளே இருக்க வேண்டும். அவை இறங்கிய பிறகு பேசிக்கொண்டே வந்து நுழைந்தால் முன்வரிசை எழுந்து பறக்கும், அதைப் பார்த்துக் கூட்டமே எழும்பும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஏற்ற நேரத்தில் இந்தப் பறவைகள் ஓய்வெடுக்கின்றன. இங்கிருந்து செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய பவளக்காலிகளில் சில, இமயமலையைத் தாண்டி திபெத்தியப் பீடபூமி வரை போனது பதிவாகியிருக்கிறது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பை அவை இங்கேதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை நாம் விரட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. துளை வழியே கையை நீட்டுவது, கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, படத்துக்காகத் தட்டி எழுப்புவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிவந்தால் உள்ளே வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். சொன்னால் பெரியவர்களைவிட அழகாகக் கேட்பார்கள்.

எதை முதலில் அடையாளம் காண்பது

எல்லாம் சாம்பல் கலந்த பழுப்பாக, ஒரே மாதிரி தெரியும். நிறத்தை விட்டுவிட்டு காலையும் அலகையும் பாருங்கள்.

சிவந்த காலோடு நெருக்கமாகக் கூட்டம் கூடி நிற்பது பவளக்காலி. அதைவிட வெளிறிய உடம்பு, பச்சை சாயலுள்ள கால், மேல்நோக்கி லேசாக வளைந்த அலகு என்றால் பச்சைக்காலி. அலகு கீழ்நோக்கி வளைந்து, தலையில் கோடுகள் தெரிந்தால் விம்பிரல் என்று இங்கே எல்லாரும் சொல்லும் சிறு கோட்டான். குட்டை அலகு, முதுகில் பொன்தூள் சிதறிய மாதிரிப் புள்ளிகள், நாலடி ஓடி டக்கென்று நிற்கும் நடை என்றால் பொன் உப்புக்கொத்தி. இந்த நான்கும் கைவந்தால் முதல்நாளுக்குப் போதும். மிச்சமுள்ள சின்ன உள்ளான்களை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாளே எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கப் போனால் தலை சுற்றும், ஒன்றும் மனதில் நிற்காது.

பெரியவற்றில் பால்நிற நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் நிற்பதைப் பார்க்கலாம். வேடந்தாங்கல் போனவர்களுக்கு இரண்டாவது பழகிய முகம்.

சில பறவைகளின் காலில் எழுத்துள்ள சின்ன வண்ணக் கொடி இருக்கும். தெளிவாகத் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து, ஒரு படமும் எடுத்து, தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். அது எங்கே எப்போது இருந்தது என்ற கணக்குக்கு உங்கள் குறிப்பும் உதவும்.

கடல் திரும்பி வற்றத் தொடங்கிய பிறகு பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். அதுவரை இருங்கள். நேரம் மிச்சமிருந்தால் 1.95 கிலோமீட்டர் வலசைப் பறவைப் பாதையைச் சுற்றி வரலாம்.

7. கிராஞ்சி சதுப்புநிலம்

நியோ தியூ சாலையில் தொடர்ந்து போய் நியோ தியூ லேன் 2இல் திரும்புங்கள். இங்கே உப்புநீர் இல்லை. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் 56.8 ஹெக்டேர் நன்னீர்ச் சதுப்பு. அதனால் பறவைகளும் வேறு.

உள்பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். முன்பதிவு இல்லாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. பொதுமக்கள் போகக்கூடிய பாதையும், 10 மீட்டருக்கும் சற்று அதிக உயரமுள்ள பருந்துக் கோபுரமும் உங்களுக்குப் போதுமானவை.

விடிகாலையில் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நீலத்தாழைக்கோழி, கானாங்கோழி இரண்டும் புல்லுக்குள் இருந்து குரல் கொடுத்த பிறகுதான் வெளியே வரும். ஆட்காட்டி உங்களை முதலில் பார்த்து ஊரையே எழுப்பும். புல்வெளி ஓர மரங்களில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் கீழே போய் நிற்காதீர்கள், தள்ளி நின்று பாருங்கள்.

காலை 10 மணிக்கு மேல் வந்தால் நேராகக் கோபுரத்தில் ஏறுங்கள். தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழும் நேரத்தில்தான் பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரும். அக்டோபர், நவம்பரில் தேன்பருந்து போன்ற வலசைப் பருந்துகளும் சேர்ந்துகொள்ளும். மின்னல் எச்சரிக்கை வந்தால் கோபுரத்தில் நிற்கவே கூடாது, உடனே காருக்குத் திரும்புங்கள்.

8. லிம் சூ காங்

நியோ தியூ சாலை லிம் சூ காங் சாலையில் சேரும். வலப்பக்கம் திரும்பினால் சாலை கடலில் முடியும். மீன் பண்ணைக்காரர்கள் பயன்படுத்தும் துறை அங்கே இருக்கிறது. அவர்கள் சரக்கு ஏற்றி இறக்கும் வழியை மறிக்காமல் தள்ளி நிறுத்துங்கள். மீன் பண்ணைகள் இருப்பதால் கடற்கழுகும் செம்பருந்தும் தாழப் பறப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கால்மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இந்தப் பகுதியில் கவனம் சாலையில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் பறவை தேடக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் தேட வேண்டும். புல்தரையில் உண்ணிக்கொக்கைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போடுவது ஆபத்து. பின்னால் லாரியோ சைக்கிள் கூட்டமோ வந்துகொண்டிருக்கும். பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடம் வரும்வரை போய், காருக்குள்ளேயே இருந்து கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். மனிதர் இறங்கினால் பறந்துவிடும் பறவை, காரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். அதிர்வில் இருநோக்கி ஆடும், நின்ற காரில் இயந்திரத்தை ஓடவிடுவதும் இங்கே குற்றம்.

சுற்றிலும் ராணுவப் பகுதிகள் உண்டு. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கும் வேலிப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், எவ்வளவு அரிய பறவை உட்கார்ந்திருந்தாலும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

9. குறிப்பு எழுதும் முறை

அன்றிரவே எழுதுங்கள். பறவையின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் போதாது. அன்றைய ஏற்றத்தின் நேரம், உயரம், நீங்கள் மறைவிடத்தில் இருந்த நேரம், மழை இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வலசைக் காலம் முழுக்க இப்படிக் குறித்தால், எந்த உயரத்துக்கு எத்தனை மணிக்கு எந்தக் குளத்தில் பறவை இறங்குகிறது என்று உங்களுக்கே ஓர் அட்டவணை உருவாகிவிடும். நான் மேலே சொன்ன 2.5 மீட்டர், ஒன்றரை மணி நேரம் போன்ற கணக்குகளை அதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) செயலியில் போடுவதானால் நான்கு இடங்களுக்கும் நான்கு தனிப் பட்டியல் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போட்டால் சேற்றுப் பறவை எது, சதுப்புப் பறவை எது என்று பிறகு உங்களாலேயே பிரிக்க முடியாது. சந்தேகமுள்ள பறவையை ஊகித்துப் பெயர் போடாமல் உள்ளான் இனம் என்று மட்டும் எழுதி, படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.